திரையில் தெரியும் 250 டிகிரி

ஒரு கம்பி தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டு, தன் சூடு எவ்வளவு என்பதையும் தானே அளந்து சொல்கிறது என்றால், இயற்பியலில் சிறிதேனும் நாட்டமுள்ள எவருக்கும் ஆவல் பிறக்கும். அடுப்பும் வெப்பநிலைமானியும் ஒன்றே! இந்தக் கருத்தை வைத்துச் செய்யப்பட்ட பண்டம் ஒன்று வெளிநாடுகளில் சில ஆண்டுகளாக விலைபோகிறது. அதன் பெயர் வெப்பநிலைக் கட்டுப்பாட்டு மின்சிகரெட். இளைஞர் வழக்கில் 'வேப்'. அதன் விளக்கக் கையேடு ஒன்றை என் மாணவர் ஒருவர் அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்தபோது அவர் கேட்ட கேள்வி இது: "சார், புகையிலை எரிவதில்லை, சூட்டையும் நாமே 250 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் கெடுதல் இல்லைதானே?"

கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடவே இக்கட்டுரை. கருவி என் கையில் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டிலேயே இவற்றுக்குத் தடை வந்தது. நாடு முழுவதற்கும் 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டமும், அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமும் வந்தன. மின்சிகரெட்டைச் செய்வதும், இறக்குமதி செய்வதும், விற்பதும், விளம்பரம் செய்வதும் குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விற்பனைக்கென இருப்பு வைப்பதற்கும் தண்டனை உண்டு. ஆகவே இது 'வாங்கலாமா, வேண்டாமா' என்று சொல்லும் மதிப்புரை அன்று. கையேடு இயற்பியலின் பெயரால் ஒரு வாக்குறுதி தருகிறது. அவ்வாக்குறுதியை இயற்பியலின் தராசிலேயே நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் அமைப்பு. ஒரு லித்தியம் மின்கலம்; ஒரு சிறு கம்பிச்சுருள்; சுருளினுள் செருகிய பஞ்சுத்திரி; திரியை நனைக்கும் திரவம். திரவத்தில் இருப்பவை கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால், மணப்பொருள், நிக்கோட்டின். மின்னோட்டம் பாய்ந்ததும் கம்பி சூடேறி, திரியிலுள்ள திரவத்தை ஆவியாக்கும். அந்த ஆவியும் நுண்துளிகளும் சேர்ந்ததே புகைபோலத் தெரிவது. அமெரிக்கரான ஹெர்பர்ட் கில்பர்ட் என்பார் 1965-இலேயே இத்தகைய ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சீனாவின் மருந்தாளர் ஹோன் லிக் 2003-இல் வடிவமைத்த கருவியே சந்தைக்கு வந்தது. அவையெல்லாம் இத்தனை வோல்ட், இத்தனை வாட் என்று திறனை மட்டுமே கட்டுப்படுத்தின. 2014-இல் எவால்வ் என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட 'டி.என்.ஏ. 40' என்ற மின்னணுச் சில்லு, வாட்டுக்குப் பதிலாக டிகிரியைத் திரையில் காட்டத் தொடங்கியது. நம் கையிலுள்ள கையேடு அந்த வழியில் வந்த வேறொரு கருவியுடையது. 100° செ. முதல் 315° செ. வரை விரும்பிய எண்ணை வைக்கலாம் என்கிறது அது.

எப்படி அளக்கிறது? அங்கேதான் அழகு இருக்கிறது. கம்பியின் நுனியில் தனி வெப்பநிலைமானி எதுவும் கிடையாது. உலோகம் சூடேறினால் அதன் மின்தடை கூடும் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே படிக்கிறோம். வீட்டில் பழைய குண்டு பல்பு ஒன்றிருந்தால் சோதித்துப் பாருங்கள். 230 வோல்ட்டில் 100 வாட் என்று எழுதியிருந்தால், எரியும்போது அதன் தடை 529 ஓம் என்று கணக்குச் சொல்லும். அணைந்து குளிர்ந்தபின் பலநோக்கு மீட்டரை வைத்து அளந்தால் ஏறத்தாழ 40 ஓம்தான் காட்டும். ஆக, தடையைத் தெரிந்துகொண்டால் வெப்பநிலையைப் பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம். வில்லியம் சீமன்ஸ் 1871-இல் இவ்வழியைச் சொன்னார். ஹியூ காலண்டர் 1887-இல் பிளாட்டினக் கம்பியைக்கொண்டு இதை நம்பத்தகுந்த அளவுகோலாக்கினார். இன்றும் உலக வெப்பநிலை அளவுமுறையில், வெள்ளி உறையும் 961.78° செ. வரை அளந்து சொல்லும் அதிகாரம் பிளாட்டினக் கம்பிக்கே உண்டு. மின்சிகரெட்டும் காலண்டரின் வழித்தோன்றல்தான். ஆனால் பிளாட்டினத்துக்குப் பதில் நிக்கல், டைட்டானியம், அல்லது நாம் எவர்சில்வர் என்று சொல்லும் துருவேறா எஃகு.

சுருளுக்குத் தரப்படும் அழுத்தத்தையும் பாயும் மின்னோட்டத்தையும் சில்லு நொடிக்குப் பலமுறை அளக்கிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் தடை. குறித்த தடை வந்ததும் மின்னோட்டத்தைக் குறைக்கிறது. இஸ்திரிப் பெட்டியிலுள்ள ஈருலோகப் பட்டை செய்யும் வேலைதான். ஆனால் அதைவிடப் பன்மடங்கு விரைவாக. இதில் உண்மையான ஒரு நன்மை உண்டு என்பதையும் மறைக்கக்கூடாது. திரி உலர்ந்துவிட்டால் வெறும் கம்பி கட்டுக்கடங்காமல் சூடேறும்; பஞ்சு கருகும். பழைய வாட் கருவிக்கு இது தெரியாது. புதிய கருவியோ தடை திடீரென ஏறுவதைக் கண்டு திறனைக் குறைத்துவிடும். சிந்தனை வரையில் இக்கருவிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். செய்முறைத் தேர்வில்தான் இடிக்கிறது.

கணக்குக்கு வருவோம். ஒரு டிகிரிக்குத் தடை எவ்வளவு பங்கு கூடுகிறது என்பதே மின்தடையின் வெப்பநிலைக் குணகம். நிக்கலுக்கு ஏறத்தாழ 0.006, டைட்டானியத்துக்கு 0.0035, துருவேறா எஃகுக்கு 0.0009-ஐ ஒட்டிய எண். நாம் 0.00092 என்று கொள்வோம். குளிர்ந்த நிலையில், அதாவது 20° செ.-இல், 0.5 ஓம் உள்ள எஃகுச் சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டிகிரி ஏறினால் தடை கூடுவது 0.00046 ஓம். ஆம், அரை மில்லிஓமுக்கும் குறைவு! 250° செ.-ஐ அடையும்போது மொத்தத் தடை 0.606 ஓம் ஆகியிருக்கும். குளிர் நிலைக்கும் சூடு நிலைக்கும் உள்ள முழு வேறுபாடே 0.106 ஓம்தான்.

இனி அந்தச் சுருளைக் கருவியில் பொருத்துவதைப் பாருங்கள். இரண்டு சிறு திருகாணிகளின் கீழ் கம்பியின் முனைகளை வைத்து முடுக்குகிறார்கள். கருவியின் மேற்பகுதியும் மரையால் அடிப்பகுதியில் இணைகிறது. ஒவ்வொரு தொடுமுனையிலும் ஒரு தொடுதடை உண்டு. திருகாணி சற்றே தளர்ந்தாலோ, மரையில் பிசுக்கு ஏறினாலோ 10 மில்லிஓம் மாறுவது பெரிய காரியமன்று. பத்து மில்லிஓம் என்றால் நம் சுருளில் 22 டிகிரி. கம்பி சிறிதும் சூடு மாறாதபோதே திரையில் 22 டிகிரி ஏறலாம், இறங்கலாம். நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கேரி ஃபாஸ்டர் சமனச்சுற்றைக் கையாளும் மாணவர் தொடுமுனைகளை மணல்தாளால் தேய்த்து, தடித்த செப்புப் பட்டைகளால் இணைத்து, அப்படியும் இணைப்புத் தடை குறித்துத் தனியே கவலைப்படுகிறார். காலண்டரும் தம் வெப்பநிலைமானியில் இணைப்புக் கம்பிகளின் தடையை ஈடுசெய்யத் தனிக் கம்பிகள் வைத்தார். நுட்பமான அளவீட்டுக்கு நான்கு கம்பி வேண்டும் என்பது பாடம்: இரண்டு மின்னோட்டத்துக்கு, இரண்டு அழுத்தத்தை அளக்க. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரியும் இக்கருவியில் சுருள் வரைக்கும் போவது இரண்டே வழிகள்.

இதைவிடச் சுவையானது 'அடிப்படைத் தடை' பற்றியது. கருவி வெப்பநிலையை நேராக அறியாது. குளிர்ந்தபோது இருந்த தடையோடு ஒப்பிட்டே அறியும். ஆகவே சுருளைப் பொருத்தியதும் 'அறை வெப்பநிலையில் தடையைப் பூட்டவும்' என்கிறது கையேடு. எந்த அறையின் வெப்பநிலை? கையேடு எழுதியவருக்கு அது 20° செ. சாத்தூரிலோ சிவகாசியிலோ மே மாதப் பகலில் அறைக்குள் 40° செ. என்பது புதுமையன்று. 40 டிகிரியில் உள்ள சுருளை 20 டிகிரியில் உள்ளதாகக் கருவி எண்ணிக்கொண்டால் என்ன ஆகும்? நீங்களே காகிதத்தை எடுத்துப் போடுங்கள். 40 டிகிரியில் தடை 0.5092 ஓம். இதைக் குளிர்த்தடை என்று கொண்டு 250 டிகிரிக்கான தடையைக் கணக்கிட்டால், 1.2116-ஆல் பெருக்க, 0.617 ஓம் வருகிறது. அந்தத் தடை வரும்வரை கருவி சூடேற்றும். ஆனால் உண்மையில் அந்தத் தடைக்குரிய வெப்பநிலை 274° செ. திரையிலோ 250!

இன்னும் ஒரு படி மேலே போவோம். ஒருவர் சற்றுமுன் பயன்படுத்திய கருவியை, சுருள் 60 டிகிரியில் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கழற்றி மாட்டித் தடையைப் பூட்டிவிடுகிறார். இதே கணக்கைப் போட்டால் கம்பி 298 டிகிரிக்குப் போகும். திரை அப்போதும் சலனமின்றி 250 என்றே காட்டும். சில உயர்ந்த வகைச் சில்லுகள் அறை வெப்பநிலையைத் தனியே உணர்ந்து திருத்திக்கொள்கின்றன. அவற்றில் முதற்பிழை குறையும். ஆனால் சுருளே சூடாயிருந்தால் அவற்றாலும் பயனில்லை.

பிழைகளின் சிகரம் உலோகத்தைத் தவறாகக் குறிப்பது. கையேட்டின் பட்டியலில் நிக்கல், டைட்டானியம், எஃகு என்று தேர்ந்துகொள்ள இடமிருக்கிறது. எஃகுச் சுருளை மாட்டிவிட்டு 'நிக்கல்' என்று வைத்தால்? நிக்கலின் குணகப்படி 250 டிகிரிக்குத் தடை 2.38 மடங்காக வேண்டும். எஃகு அந்த மடங்கை எட்ட ஏறத்தாழ 1500 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். அதற்குள் எஃகே உருகிவிடும். அது உருகுவது 1400° செ.-ஐ ஒட்டி. அதாவது, குறித்த தடை ஒருநாளும் வராது. கருவி ஒருநாளும் நிறுத்தாது. வெப்பநிலைக் கட்டுப்பாடு என்ற பெயரில் கட்டுப்பாடே இல்லாத கருவி அது. மின் அடுப்புகளில் நாம் காணும் நிக்ரோம் கம்பியின் குணகமோ எஃகின் குணகத்திலும் மிகச் சிறியது. அதைச் சுற்றி மாட்டினாலும் இதே கதைதான். தாமே உலோகத்தைக் கண்டறியும் கருவிகள் பின்னர் வந்திருக்கின்றன. நம் கையேடோ 'சரியானதைத் தேர்ந்தெடுக்கவும்' என்ற ஒரு வரியோடு தன் கடமையை முடித்துக்கொள்கிறது.

இவையெல்லாம் கவனத்தாலும் நல்ல உறுப்புகளாலும் குறைக்கக்கூடிய பிழைகள். இனிச் சொல்லப்போவது அப்படிக் குறைக்க முடியாதது. இக்கட்டுரை எழுத நான் துணிந்ததற்குக் காரணமே அதுதான்.

கம்பியின் மொத்தத் தடையை அளந்து கிடைப்பது கம்பி முழுவதன் சராசரி வெப்பநிலை. சராசரி என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பாருங்கள். சுருளைப் பத்துச் சம துண்டுகளாக மனத்தில் பிரித்துக்கொள்வோம். ஒன்பது துண்டுகள் நன்றாக நனைந்த திரியைத் தொட்டுக்கொண்டு 220 டிகிரியில் இருக்கின்றன. பத்தாவது துண்டின் கீழ் திரி விலகியோ உலர்ந்தோ இருப்பதால் அது 520 டிகிரிக்கு ஏறிவிட்டது. சராசரி என்ன? ஒன்பது 220-களைக் கூட்டி, 520-ஐச் சேர்த்து, பத்தால் வகுத்தால் சரியாக 250. கருவி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடைதான் சொல்கிறது. மூச்சுக்குள் போகும் ஆவியோ அந்தப் பத்தாவது துண்டையும் தொட்டுக்கொண்டு போகிறது. ஆற்றின் சராசரி ஆழம் மூன்றடி என்று கேட்டு இறங்கியவன் கதையை நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கம்பியின் மேல் இவ்வளவு வேறுபாடு வருமா என்று ஐயுறலாம். வரும் என்பதற்கு ஓர் அருமையான சான்று உண்டு. ஜப்பானிய அறிஞர் ஷிரோ நுகியாமா 1934-இல் ஒரு சோதனை செய்தார். நீருக்குள் மெல்லிய கம்பியை வைத்து மின்சாரத்தால் சூடாக்கி, அதே கம்பியின் தடையைக்கொண்டு அதன் வெப்பநிலையை அளந்தார். அடுப்பும் மானியும் ஒன்றே! மின்சிகரெட்டின் சில்லுக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே! திரவம் கம்பியை நனைத்துக்கொண்டு கொதிக்கும்வரை, திறனைக் கூட்டினாலும் கம்பியின் வெப்பநிலை மெல்லவே ஏறியது. காகிதக் கிண்ணத்தில் நீரைக் கொதிக்கவைத்தாலும் காகிதம் எரியாத அதே விந்தை. திரவம் வெப்பத்தை வாரிக்கொண்டு போய்விடுகிறது. ஆனால் ஓர் எல்லையைத் தாண்டியதும் கம்பியைச் சுற்றி ஆவிப்படலம் போர்த்திக்கொண்டது. ஆவி வெப்பத்தைக் கடத்துவதில் சோம்பேறி. உடனே கம்பியின் வெப்பநிலை நூற்றுக்கணக்கான டிகிரி தாவியது. நிக்ரோம் கம்பி உருகி அறுந்தே போயிற்று. பின்னர் அவர் பிளாட்டினத்துக்கு மாறினார். நனைந்த நிலைக்கும் உலர்ந்த நிலைக்கும் இடையே சரிவு இல்லை. செங்குத்துப் பாறைதான் இருக்கிறது. பஞ்சுத்திரியில் அங்கங்கே ஈரமும் அங்கங்கே உலர்ச்சியுமாக இருக்கும்போது, ஒரே சுருளின் ஒரு பகுதி பாறைக்குக் கீழும் மறுபகுதி மேலுமாக இருக்கலாம்.

இந்தச் 'சராசரி'யின் ஏமாற்றை நம் மாவட்டத்தார் நூல் படிக்காமலே அறிந்திருக்கிறார்கள். பட்டாசு மருந்து கலக்கும் கொட்டகையில் சுவரில் தொங்கும் வெப்பநிலைமானி 35 டிகிரிதான் காட்டும். மருந்துக் கலவை பற்றிக்கொள்ளவோ சில நூறு டிகிரி வேண்டும். ஆனாலும் பற்றிக்கொள்கிறது. கேம்பிரிட்ஜில் பௌடன் என்பவரும் யோஃபே என்பவரும் இதை ஆராய்ந்து 1952-இல் நூலாக வெளியிட்டார்கள். அடியாலும் உராய்வாலும் வெடிபொருள் தீப்பிடிப்பது முழுப்பொருளும் சூடேறுவதால் அன்று. ஆங்காங்கே தோன்றும் நுண்ணிய வெப்பப் புள்ளிகளால் என்று அவர்கள் காட்டினார்கள். அப்புள்ளியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குள். ஆயுள் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள். வெப்பநிலை மட்டும் 430° செ.-க்கு மேல். மருந்தில் ஒரு மணல்துகள் கலந்தால் ஆபத்து ஏன் பெருகுகிறது என்பதற்கும் இதுவே விளக்கம். சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று நடந்த வெடிவிபத்தில் பத்தொன்பது பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். வேதிப்பொருள்களைக் கையாளும்போது ஏற்பட்ட உராய்வே காரணம் என்று முதல் செய்திகள் கூறின. அன்று அந்த அறைகளின் சராசரி வெப்பநிலை என்ன என்று கேட்பதில் ஏதேனும் பொருள் உண்டா?

மின்சிகரெட்டின் திரவத்திலும் நடப்பது வேறு வகைச் சிதைவே ஆயினும், அதுவும் உச்ச வெப்பநிலையைத்தான் கேட்கும், சராசரியைக் கேட்காது. புரோப்பிலீன் கிளைக்கால் 188° செ.-இலும், கிளிசரின் 290° செ.-இலும் கொதிக்கின்றன, நிக்கோட்டினின் கொதிநிலை 247° செ. இவை ஆவியாவதோடு நின்றால் ஒருவாறு விட்டுவிடலாம். நிற்பதில்லை. 200 டிகிரியைத் தாண்டிய பின் இவை சிதையவும் தொடங்குகின்றன. கிளிசரின் மூலக்கூறு இரண்டு நீர் மூலக்கூறுகளை இழந்தால் அக்ரோலின் ஆகிறது. தாளிக்கும் எண்ணெய் அளவுமீறிக் காய்ந்து புகையும்போது கண்ணையும் தொண்டையையும் பிடுங்குகிறதே, அதில் இருப்பது இதுவே. கூடவே ஃபார்மால்டிஹைடும் அசெட்டால்டிஹைடும் தோன்றுகின்றன. உயிரியல் கூடத்தில் தவளையைப் பதப்படுத்தி வைக்கும் ஃபார்மலினை மாணவர்கள் அறிவார்கள். ஃபார்மால்டிஹைடு வாயுவின் நீர்க்கரைசலே அது.

வேதிவினையின் வேகம் வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை, அடுக்கடுக்காகப் பெருகுகிறது. ஆகவே 250 என்று காட்டி 298-க்குப் போகும் கருவியைப் பற்றி, 'ஐந்தில் ஒரு பங்கு பிழைதானே' என்று சமாதானம் சொல்லக்கூடாது. சிதைவுப் பொருள்களின் அளவில் அது பல மடங்குப் பிழையாகிவிடும். 520 டிகிரியில் இருக்கும் அந்த ஒரு துண்டு, மற்ற ஒன்பதும் சேர்ந்து உண்டாக்குவதைக் காட்டிலும் மிகுதியாக நஞ்சை உண்டாக்கலாம்.

இங்கே மறுதரப்பையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2015-இல் ஒரு மருத்துவ இதழில் தம் அளவீட்டை வெளியிட்டார்கள். ஒரு மின்சிகரெட்டை 3.3 வோல்ட்டில் இயக்கியபோது ஃபார்மால்டிஹைடைத் தரும் சேர்மம் தென்படவில்லை; 5 வோல்ட்டில் இயக்கியபோது கணிசமாகத் தென்பட்டது. உடனே மறுப்பும் எழுந்தது. 5 வோல்ட்டில் திரி உலர்ந்து கருகும். அந்தச் சுவையை எவராலும் பொறுக்க முடியாது. எனவே உண்மையில் யாரும் அப்படிப் புகைக்கமாட்டார்கள் என்றார்கள். மறுப்பில் பொருள் உண்டு. வெப்பநிலைக் கட்டுப்பாட்டை ஆதரிப்போரும் இதையே பிடித்துக்கொள்கிறார்கள்: 'கருகலைத்தான் நாங்கள் தடுத்துவிட்டோமே!' சுருள் முழுவதும் கருகுவதைத் தடுக்கிறார்கள், உண்மை. முழுவதும் கருகினால் நாக்கு காட்டிக்கொடுக்கும். ஒரு துண்டு மட்டும் அளவுமீறினால் அதை மாம்பழ மணமும் புதினா மணமும் மூடிமறைத்துவிடக்கூடும். நாக்கு என்னும் பழைய எச்சரிக்கை மணியின் ஓசையைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் சராசரி காட்டும் ஒரு திரையை வைத்திருக்கிறார்கள்.

வெப்பநிலையோடு தொடர்பே இல்லாத கேடுகளும் உண்டு என்பதைக் கையேடு வாய்திறந்து சொல்லாது. நிக்கோட்டின் 200 டிகிரியில் வந்தாலும் 250 டிகிரியில் வந்தாலும் அடிமைப்படுத்தும் வேலையை ஒழுங்காகவே செய்யும். 2019-இல் அமெரிக்காவில் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தியோரிடையே நுரையீரல் நோயொன்று பரவலாகத் தோன்றியது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டு மருத்துவமனையை நாடினார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தோர் 68 பேர். பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளச்சரக்கு. அதில் திரவத்தைத் தடிமனாக்கச் சேர்த்த வைட்டமின்-ஈ அசிட்டேட்டின் மேல் குற்றம் சாட்டப்பட்டது. திரவத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியாதபோது திரையில் எத்தனை டிகிரி காட்டினால்தான் என்ன?

இனி, நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை. கருவி வேண்டாம், கம்பி போதும். ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள துருவேறா எஃகுக் கம்பி ஒரு மீட்டர் வாங்கி, சுற்றுகள் ஒன்றையொன்று தொடாதபடி ஒரு மட்பாண்டத் துண்டின்மேல் சுற்றுங்கள். அதன் தடை 6 ஓம் அளவில் இருக்கும். தேங்காய் எண்ணெயில் அமிழ்த்தி, எண்ணெய்ப் பாத்திரத்தை நீர்த்தொட்டியில் வைத்து, 30-இலிருந்து 90 டிகிரி வரை பத்துப் பத்தாகச் சூடேற்றித் தடையைக் குறியுங்கள். அறுபது டிகிரிக்குக் கூடுவது மூன்றில் ஒரு பங்கு ஓம்தான் என்று காண்பீர்கள். பிறகு எண்ணெயிலிருந்து எடுத்துக் குளிரவைத்து, இணைப்புத் திருகாணியைச் சற்றே தளர்த்தி மீண்டும் அளந்து பாருங்கள். சூடேற்றாமலே தடை மாறுவது தெரியும். அது எத்தனை டிகிரிக்குச் சமம் என்று உங்கள் வரைபடமே சொல்லும். கடைசியாக, சுருளின் பாதியை மட்டும் சூடான எண்ணெயில் அமிழ்த்தி, மறுபாதியை வெளியே விட்டு அளவுங்கள். கிடைக்கும் தடையை வரைபடத்தில் வைத்தால் ஒரு வெப்பநிலை கிடைக்கும். கம்பியில் உள்ளே இருக்கும் பாதியும் அந்த வெப்பநிலையில் இல்லை, வெளியே இருக்கும் பாதியும் இல்லை!

நம் பகுதிக்கென்று ஒரு செய்தி மிச்சமிருக்கிறது. 0.5 ஓம் சுருளில் 3.7 வோல்ட் மின்கலம் செலுத்தும் மின்னோட்டம் 7.4 ஆம்பியர், திறன் 27 வாட். வானொலி பழுதுபார்ப்பவரின் பற்றவைக்கும் கோலும் 25 வாட்தான். ஆனால் கோலின் முனை பல கிராம் எடை. சூடேறச் சில நிமிடம் ஆகும். இந்தச் சுருளின் எடையோ ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எஃகு ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்க அரை ஜூல் போதும். ஆகவே உலர்ந்த சுருள், கட்டுப்பாடு தவறினால், தொடக்கத்தில் நொடிக்கு 500 டிகிரிக்கு மேற்பட்ட வேகத்தில் சூடேறும். இவை தாமே இயங்கித் தீப்பிடிக்கக்கூடும் என்பதற்காகவே, 2015-இல் பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, விமானத்தின் சரக்கு அறைக்குப் போகும் பெட்டிகளில் மின்சிகரெட்டை வைக்கக்கூடாது என்று விதித்தது.

பட்டாசு ஆலைக்குள் புகைபிடிப்பதையும், தீப்பெட்டி முதலிய தீ உண்டாக்கும் பொருள்களைக் கொண்டுபோவதையும் வெடிபொருள் விதிகள் விலக்கியிருக்கின்றன. வாயிலில் பீடியும் தீப்பெட்டியும் இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பவருக்கு, தடித்த பேனாபோலவோ சிறு பெட்டிபோலவோ இருக்கும் இப்பொருளின் உருவம் பழக்கமானதன்று. சுடர் இல்லை, சாம்பல் இல்லை, பீடி நாற்றமும் இல்லை. உள்ளே இருப்பது மட்டும் பொத்தானை அழுத்தினால் ஒரு நொடிக்குள் மருந்தைப் பற்றவைக்கும் சூட்டுக்குப் போகவல்ல கம்பி. ஆலைகளில் பாதுகாப்பு வகுப்பு எடுப்போர் அடுத்த வகுப்பில் இதன் படத்தைச் சுவரில் ஒட்டிக் காட்டட்டும். வாயிற்காவலரையும் அழைத்துக் காட்டட்டும்.